நாப்பத்தோராவது கேள்வி

அந்தக் கயிறு இருக்குது பாருங்க, மஞ்சக் கயிறு, அது எனக்காகக் கட்டினதுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். போன வருஷம் இதே ரோபோ போட்டியில கயிறும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. பெத்தவங்க, டீச்சருங்க எல்லாரும் அந்த மேடைக்குப் பக்கத்துலயே நிப்போம். நான் கையில ஸ்பேனரோடயே நின்னேன். இந்த வருஷம் கொழந்தைங்க அக்கட்டால, பெரியவங்க இக்கட்டால. கயித்தைத் தாண்டினா பத்துப் பாயிண்டு போயிரும். இங்க உக்காந்துக்கிட்டு "இப்படித் திருப்பு, அப்படிப் புடி"ன்னு கத்தினாலும் பத்துப் பாயிண்டு. மாநிலம் பூரா நூத்தம்பது டீமு இருக்குதுங்க. அத்தனை டீமுக்கும் இந்த ரூலு வந்ததுக்குக் காரணம் நானு. எத்தனை பேருக்கு இந்தப் பேரு கெடைக்கும், சொல்லுங்க பாக்கலாம்.

நீங்க முதல் தடவைங்களா? எந்த ஊரு, திண்டுக்கல்லா? உங்க பொண்ணு எந்தச் சட்டைங்க? பச்சையா. அப்பச் சரி, எங்களுக்கு இன்னிக்கு வெள்ளைச் சட்டைக்காரங்களோடதான் மேட்சு. அதோ, சிவப்புச் சட்டை, முதுகுல டீமு நம்பரு நூத்திப் பதினேழு போட்டிருக்குது, ஸ்க்ரூ டிரைவரை வாயில கவ்விக்கிட்டு நிக்கறா பாருங்க, அதான் என்ற பொண்ணு. சம்யுக்தா. பத்தாவது படிக்கறா. அதை வாயில வெக்காத சாமின்னு எத்தனை தடவதான் சொல்றது. எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம், வேற யாரைத் திட்டறது.

என்ற பேரு வசந்தாமணிங்க. கோயமுத்தூரு கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேன். எங்கப்பா மூணு மிஷினோட குடுத்தாரு, இப்ப ஏழு ஓடுது, அதுல ரெண்டு கம்ப்யூட்டர் மிஷின். மோட்டார் பம்புக்கு ஷாஃப்டு, புஷ்ஷு எல்லாம் எங்க ஜாபு. நான் பொறுப்பெடுத்த புதுசுல ஒரு கம்பெனி மேனேஜரு வந்து, "ஏம்மா, ஓனர் இல்லீங்களா"ன்னாரு. அந்தாளு கொண்டாந்திருந்த ஷாஃப்டை வாங்கி வெரல்ல ஒருக்கா தடவிப் பாத்துட்டு, "இது அளவு கம்மி, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிப்போட்டேன். மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்தாரு. அன்னிக்கு மூடின வாயி, இன்னிக்கு வரைக்கும் என்னைய மேடம்னுதான் கூப்புடறாரு. எங்கூட்டுக்காரரு பேங்க்குல இருக்காரு. நான் கோயிலுக்குப் போனாலும் சாமி செலையில அளவு தப்புன்னு சொல்லுவேன்னு நக்கல் பண்ணுவாரு. தப்பா இருந்தா சொல்லத்தானுங்க வேணும்.

போட்டி என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? ரொம்பச் சுலுவு. அந்த மேடையில பந்து கெடக்கும். ரோபோ போயிப் பந்தைப் புடிச்சு, தூக்கி, மூலையில இருக்கற பெட்டியில போடணும். ரெண்டரை நிமிஷம். எத்தனை பந்து உள்ள போகுதோ அதான் கணக்கு. இதுல எல்லாமே ரோபோவோட கையிலதான் இருக்குது. சக்கரம் எல்லா டீமுக்கும் ஓடும். கை நல்லா இருக்கற டீமுதான் ஜெயிக்கும்.

போன வருஷம் பசங்க நாலு பேரும் அவங்களா ஒரு கை செஞ்சாங்க. பிளாஸ்டிக் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, திருகாணி போட்டு. பந்தைப் புடிச்சா வெடவெடன்னு ஆடும், குளுரு காச்சல் வந்தவனாட்டம். எனக்குப் பாக்கச் சகிக்கலீங்க. லேத் பட்டறைக்காரி பொண்ணு இதையா தூக்கிட்டுப் போறது? ஒரு ஞாயித்துக்கெழம பசங்க எல்லாம் எங்கூட்டு மாடியில சாப்புட உக்காந்தாங்க. தக்காளி சோறு, உருளைக்கெழங்கு வறுவல். நான் பரிமாறிப்போட்டுக் கீழ பட்டறைக்கு எறங்கினேன். அளவு எடுத்தேன். அலுமினியத் தகடை மில்லிங் மிஷின்ல ஏத்தினேன். எடை கொறையோணும்னு நடுவுல வரிசையா ஓட்டை எடுத்தேன். கொழந்தைங்க கையைக் கிழிச்சிரக் கூடாதுன்னு ஓரமெல்லாம் மழுக்கினேன். பசங்க சாப்புட்டு, கேரம் ஆடி முடிச்சு எறங்கி வரக்குள்ள கை ரெடி.

அதைப் பாத்ததும் பசங்க வாயடைச்சுப் போயிட்டாங்க. சந்தோஷத்துல ஒருத்தருக்கும் பேச்சே வரலீங்க. ரிஸ்வானான்னு ஒரு புள்ளை, அதோ ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டுக் கண்ணாடி போட்டிருக்கற புள்ளை, அவதான் பழைய கையைச் செஞ்சவ. அவ கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவ்வளவு சந்தோஷம். பழைய கையை ஒரு பையில போட்டு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. எதுக்கு கண்ணு அது, குப்பையில போடுன்னேன். இருக்கட்டுங்க ஆன்ட்டின்னா.

ஜெயிச்சோம். மாநிலத்துல முதல் பரிசு, டெல்லியில ஏழாவது எடம். கை ஒரு எடத்துல கூட ஆடலீங்க.

இந்தப் போட்டியில ஒரு வழக்கம். வருஷா வருஷம் சித்திரை பொறந்தா ரூலை மாத்துவாங்க. போன வருஷம் ஓடினது இந்த வருஷம் ஓடாது. ஒரே ரோபோவைத் தொடச்சுத் தொடச்சுக் கொண்டாரக் கூடாதுன்னுதான் மாத்தறாங்களாமா. ரூலு புஸ்தகம் வந்தா பெத்தவங்க எல்லாம் பயந்து நடுங்குவாங்க. எனக்கு என்ன பயம்? பம்பு கம்பெனிக்காரன் மாசத்துக்கு ஒருக்கா டிராயிங்கை மாத்துவான், அவனையே சமாளிச்சாச்சு. அறுபத்திரெண்டு பக்கமுங்க. கோச்சு ஜெயசீலன் சாரு, ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கறவரு, செல்லுல அனுப்பிச்சாரு. நான் பிரிண்டு எடுத்து, ஸ்பைரல் போட்டு, மூணு கலரு பேனால கோடு போட்டுப் படிச்சேன். நூத்தம்பது டீமுல அதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச ஒரே அம்மா நானாத்தான் இருக்கும்.

என்ன மாறுச்சுன்னா, பழைய கண்ட்ரோல் பெட்டி செல்லாது. ரோபோவுக்கு மூளையாட்டம் ஒரு பெட்டி இருக்குமில்லைங்க, அது. புதுசு வாங்கோணும், புரோகிராமெல்லாம் மறுபடி எழுதோணும். அது பசங்க சோலி. எனக்குக் கம்ப்யூட்டர்ல எழுத வராது. வராத வேலையில நான் மூக்கை நொழைக்கவே மாட்டேன். அப்பறம் மோட்டாரு எட்டுல இருந்து ஆறாக் கொறைச்சுட்டாங்க. ரோபோவோட ஒசரமும் கொறைஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் மேல பந்தை மாத்திப்போட்டாங்க. முன்ன கெட்டியான பிளாஸ்டிக் பந்து. இப்ப ஸ்பாஞ்சு. அழுத்திப் புடிச்சா நசுங்கி வெளிய பிதுங்கிரும், லேசாப் புடிச்சா நழுவிரும். நான் செஞ்சிருந்த கை அதுக்கு ஒத்து வராது.

வரலீன்னா என்னங்க? பன்னெண்டே நாளு. புதுக் கை ஒண்ணு அடிச்சேன். உள்பக்கம் ரப்பரு ஒட்டி, நுனியில சின்னதா ஒரு வளைவு குடுத்து. பந்தை அப்படியே கோழிக்குஞ்சைத் தூக்கறாப்ல தூக்கும். பசங்களுக்கு அப்பத்தான் பரீட்சை முடிஞ்சிருந்துச்சு, புஸ்தகத்துல பத்தாம் பக்கம் தாண்டலீங்க. நான் எல்லாம் முடிச்சே வெச்சுட்டேன்.

இவங்க மாடியில என்ன பண்ணிட்டிருந்தாங்க தெரியுமுங்களா? மிக்சி வந்த அட்டைப்பொட்டியைக் கத்திரிக்கோல்ல வெட்டி, குண்டூசி குத்தி, கை செஞ்சு செஞ்சு பாத்துட்டிருந்தாங்க. அட்டையில! பந்து எப்படி நழுவுதுன்னு பாக்கறாங்களாமா. அதை நோட்டுல வேற எழுதறது. எட்டாவது அட்டை, ஒம்பதாவது அட்டைன்னு நம்பரு போட்டு, ஏன் நழுவுச்சுன்னு படம் போட்டு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. "கண்ணு, அட்டையெல்லாம் எதுக்கு? அம்மா கீழ முடிச்சு வெச்சாச்சு, வந்து பாரு"ன்னேன். வந்தா. கையில எடுத்துப் பாத்தா. "நல்லாருக்கும்மா"ன்னா. மேல போயிட்டா. அவ்வளவுதாங்க. பன்னெண்டு நாளு வேலைக்கு ஒரு "நல்லாருக்கும்மா". மத்த அம்மாவுங்க எல்லாம் டிபன் கட்டிக் குடுக்கறதோட சரி, இவளுக்கு ஒரு பட்டறையே வேலை செஞ்சுது.

பொறவுதான் அந்தக் கேள்வி வந்துச்சு.

இதுல கேள்வி பதில்னு ஒரு பக்கம் இருக்குதுங்க, போட்டி நடத்தறவங்க வெப்சைட்டுல. ரூலுல சந்தேகம்னா எந்த டீமு வேணா கேக்கலாம். யாரு கேட்டாங்கன்னு பேரு போட மாட்டாங்க. ஆனா அவங்க சொல்ற பதிலு எல்லா டீமுக்கும் ரூலு மாதிரியே சேந்துரும். நான் தெனமும் டீயைக் குடிச்சுக்கிட்டே அதைத்தான் படிப்பேன். ஆனி மாசம் ஒரு நாளு நாப்பத்தோராவது கேள்வி. பெரியவங்க செஞ்சு குடுத்த பாகத்தை வெக்கலாமான்னு. பதிலு என்ன தெரியுமுங்களா? கூடாது. ஒவ்வொரு பாகமும் கொழந்தைங்க செஞ்சதா இருக்கோணும். எப்படிச் செஞ்சோம்னு நோட்டு காட்டோணும். ஜட்ஜு எந்தக் கொழந்தையை எதைக் கேட்டாலும் அது பதில் சொல்லோணும். பெரியவங்க சொல்லிக் குடுக்கலாம், கையை வெக்கக் கூடாது. போட்டி நடக்கறப்ப கயித்துக்கு வெளிய நிக்கோணும்.

டீயை ஓரமா வெச்சுட்டு அந்தப் பதிலை மறுபடி படிச்சேனுங்க.

நீங்களே சொல்லுங்க, கேக்காத வரைக்கும் அது தப்பா? அறுபத்திரெண்டு பக்கத்துல எங்கயும் அது இல்ல. நாந்தான் படிச்சேனே. ஹெல்மெட் போடாமப் போறவன் வண்டியை நிறுத்தி, போலீஸ்காரரைக் கூப்புட்டு, "ஏனுங்க சாரு, நான் போடலீங்க, பரவால்லீங்களா"ன்னு கேப்பானா? எவனோ கேட்டிருக்கான். எங்க டீமு மேல பொறாமை புடிச்ச எவனோதான். ரோபோ பெற்றோர்னு எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்குது, நாந்தான் அட்மின். அதுல "எந்த மூதேவி இதைப் போயிக் கேட்டுச்சோ"ன்னு மொதல்ல போட்டதே நாந்தாங்க. அப்பறம் ஆளாளுக்குத் திட்டினாங்க. என்னையாட்டம் செஞ்சு குடுக்கறவங்க நெறைய இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. நான் சொல்லுவேன். மூடி மறைக்கற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது.

மனு எழுதினேன். பதிலை வாபஸ் வாங்கோணும், கேட்டது யாருன்னு தெரிஞ்சாகோணும். முப்பத்தெட்டுப் பேரு கையெழுத்துப் போட்டாங்க. ஜெயசீலன் சாரு மட்டும், "வேண்டாங்க மேடம், உட்டுருங்க"ன்னாரு. அவருக்கு எப்பவுமே பயம். நானே ரயிலேறி மெட்ராஸ்ல போட்டி நடத்தறவங்க ஆபீஸுக்குப் போயிட்டேன்.

செழியன்னு ஒரு தம்பிதான் அங்க. ஒல்லியா, கண்ணெல்லாம் தூக்கம் கெட்டவனாட்டம். மனுவை வாங்கிப் படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. கீழ என்ற பேரையும் டீமு நம்பரையும் பாத்தாரு. பாத்துட்டு, "காப்பி சாப்புடறீங்களாம்மா"ன்னாரு. எனக்குக் காப்பி வேண்டாம், கேட்டவன் பேரு வேணும்னேன். "அது சொல்ற வழக்கமில்லம்மா." நான் அசையல. "முப்பத்தெட்டுப் பேரு கையெழுத்து இருக்குது தம்பி, பதிலு இல்லாம எந்திரிக்க மாட்டேன்." "அம்மா, வேண்டாங்கம்மா." "ஏன், மந்திரி வீட்டுப் புள்ளையா?" "இல்லம்மா." "அப்பச் சொல்லறதுக்கென்ன?" அந்தத் தம்பி லேப்டாப்பை எம் பக்கமாத் திருப்பினாரு.

நூத்திப் பதினேழுங்க.

ஆமா. அதே சட்டை. அதே நம்பரு.

கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதைதான். வெப்சைட்டுல போட்டது இங்கிலீஷ்ல சுருக்கிப் போட்டது. அவ எழுதினது தமிழ்ல. அவ எழுத்துதான், அவ எழுதற மாதிரியேதான். எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு, சொல்றேன் கேளுங்க. "நாங்கள் அட்டையில் பதினோரு முறை செய்துபார்த்து ஒரு கை செய்திருக்கிறோம். அது சுமாராகத்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் செய்து கொடுத்த கை இதைவிட மிக நன்றாக இருக்கிறது. நல்ல கை இருக்கும்போது சுமாரான கையைப் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி உண்டா? அந்தப் பெரியவரின் மனம் நோகக் கூடாது. எனவே இதற்கு ஒரு விதி இருந்தால் உதவியாக இருக்கும்."

மனம் நோகக் கூடாதாமா! கேட்டீங்களா? முப்பத்தெட்டுப் பேரைத் தெரட்டிக்கிட்டு ரயிலேறி வந்தவகிட்ட மனம் நோகக் கூடாதாமா. எனக்கு நோகலீங்க. எதுக்கு நோகோணும்? நல்லாருக்குன்னுதானே எழுதியிருக்கா. மிக நன்றாக இருக்கிறதுன்னு அவ கையாலயே எழுதியிருக்கா. அந்தத் தம்பி தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. குடிச்சேன். மனுவைத் திருப்பிக் கேட்டேன். உடனே எடுத்துக் குடுத்துட்டாரு, நல்ல தம்பி.

ஊருக்கு வந்து ரெண்டு நாளு ஒண்ணும் கேக்கல. மூணாம் நாளு தோசை ஊத்தறப்பக் கேட்டேன். "நாப்பத்தோராவது கேள்வி நீயா கேட்டே?" தோசையைப் பிச்சுக்கிட்டே, "ஆமாம்மா"ன்னா. பயமே இல்லீங்க. "எங்கிட்டச் சொல்லறதுக்கு என்ன, சர்க்காருக்கு எழுதறாப்ல அவங்களுக்கு எழுதோணுமா?" அப்ப நிமுந்து பாத்தா. "உங்கிட்ட மூணு தடவ சொன்னேம்மா. மூணு தடவையும் மிஷின் ஓடிட்டிருந்துச்சு. நீ நிறுத்தல." 

இது என்ன நாயமுங்க? மிஷின் ஓடறப்ப எப்படி நிறுத்தறது? பாதியில நிறுத்தினா ஜாபுல கோடு விழுந்துரும், அப்பறம் அது பழைய இரும்புக்குத்தான் போகும். பட்டறையில பொறந்து வளந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா? வந்து நின்னா என்ன சொல்றான்னு எனக்குக் கேக்காது, வாயி அசையறதுதான் தெரியும். நான் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டுவேன். பள்ளிக்கொடம் போயிட்டு வரேன்னு சொல்றான்னுதான் நெனைப்பேன். அப்பறமேட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமில்ல? அதையும் கேட்டேன். "அப்பறம் நான் வரதுக்குள்ள நீ முடிச்சுருவியே"ன்னா.

நான் குரூப்புல என்ன சொன்னேன் தெரியுமுங்களா? கேட்டது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலீன்னு சொல்லிப்போட்டேன். பொய்தான். நீங்களும் யாருகிட்டயும் மூச்சு உட்டுராதீங்க. அதுக்கப்பறம் ஒருத்தி, ஈரோட்டுக்காரி, "எந்த மூதேவியோ எங்க கொழந்தைங்க பொளப்பைக் கெடுத்துருச்சு"ன்னு மறுபடியும் போட்டா. வந்துச்சு பாருங்க எனக்கு ஒரு கோவம். யாரைடி மூதேவிங்கறேன்னு அவளைக் குரூப்புல இருந்தே தூக்கிப்போட்டேன். அந்த வார்த்தையை நாந்தான் மொதல்ல போட்டேன், அது வேற. என்ற பொண்ணை நான் சொல்லலாம். இவ யாரு சொல்றதுக்கு?

அன்னில இருந்து பசங்க பட்டறைப் பக்கம் வரதில்லீங்க. ஸ்கூல்லயே ஒரு ரூம்பு குடுத்துட்டாங்க. கை டிரில்லு ஒண்ணும் அரம் ரெண்டும் மட்டும் வேணும்னு வந்து கேட்டா. குடுத்தேன். "எப்படிப் புடிக்கறதுன்னு காட்டட்டுமா?"ன்னேன். "ஜெயசீலன் சார் காட்டிட்டாரும்மா." ஜெயசீலன் சாரு! அந்த மனுஷனுக்கு அரத்துல எது முன்னப் பக்கம்னே தெரியாதுங்க. எனக்கு அன்னிக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ஊட்டுல தண்ணியாட்டம் வேலை தெரிஞ்சவ ஒருத்தி நிக்கறேன், தெருவுல போறவங்கிட்டக் கேட்டுக் கத்துக்கறா.

ஒரு நாளு பீஸு கட்டற சாக்குல ஸ்கூலுக்குப் போயி ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். அலுமினியப் பட்டையைக் கையாலயே ராவிட்டிருந்தா. வெரல்ல பிளாஸ்திரி. ரிஸ்வானா அந்த முனையைப் புடிச்சுக்கிட்டு, போன வருஷத்துப் பிளாஸ்டிக் கையைப் பக்கத்துல வெச்சு அளவு பாத்துட்டிருந்தா. அதை வெச்சேதான் இருந்திருக்கா அந்தப் புள்ளை, பாருங்க. கொழந்தைங்க போன பொறவு உள்ள போயி அந்தக் கையைப் பாத்தேன். தொடலீங்க, சத்தியமா. கண்ணாலதான் பாத்தேன். கீழ் மூட்டுக்கு ஓட்டை போட்டிருக்காங்க, ஓரத்துல இருந்து மூணு மில்லி கூட உடல. அந்த எடத்துலதான் பாரம் பூராவும் விழும். பத்துத் தடவ தூக்கும், இருபது தடவ தூக்கும், அப்பறம் சோளத்தட்டையாட்டம் கிழிஞ்சுரும். பாத்ததும் தெரிஞ்சுருச்சு.

சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. சொல்லலாம். சொல்லிக் குடுக்கலாம்னு ரூலே இருக்குது. ஒரு வாரம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்னாகும்? "நீ எப்பம்மா பாத்தே"ன்னு கேப்பா. அதுவுமில்லாம, பதினோரு அட்டை வெட்டினவளுக்கு இது தெரிஞ்சிருக்கும்னு ஒரு மனசு. தெரியாட்டி படட்டும்னு ஒரு மனசு. நான் நல்லவன்னு உங்ககிட்டச் சொல்லிக்கலீங்க. இந்த மேட்சுல ஜெயிச்சாத்தான் அடுத்த சுத்து. தோத்தா இந்த வருஷத்துக்கு மூட்டை கட்டிக்கோணும். கை நிக்குமா நிக்காதான்னு கார்த்தாலருந்து அதே நெனைப்புதான். மத்தியானம் ஒரு இட்லி கூட எறங்கலீங்க.

இருங்க, இருங்க, நூத்திப் பதினேழுன்னு கூப்புட்டாங்களா? ஆமா, ஆமா, எங்க நம்பருதான்.

அந்த ஜட்ஜு அம்மா என்ன கேக்குதுன்னு தெரியலியே. கையைக் காட்டித்தான் கேக்குது. பாருங்க, இவ நோட்டை எடுக்கறா. பக்கம் பக்கமாத் திருப்பறா. ஜட்ஜு சிரிக்குது. போன வருஷம் யாரும் இவகிட்ட ஒண்ணும் கேக்கல, கேட்டவங்களுக்கு எல்லாம் நாந்தான் பதில் சொன்னேன். இவ்வளவு பேசுவாளா இவ? ஊட்டுல வாயே தொறக்க மாட்டாளுங்க.

ஆரம்பிச்சுட்டாங்க.

போகுது, போகுது. புடிச்சிருச்சு! பாத்தீங்களா, பந்து நசுங்கவே இல்ல. பெட்டியில போட்டுருச்சு. ஒண்ணு. அந்த நுனியைப் பாருங்க, ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு வெரலாட்டம் இருக்குது. அது எனக்குத் தோணலீங்க. நான் வளைவுதான் குடுத்தேன். ரெண்டு. மூணு. வெள்ளைச் சட்டைக்காரங்களுக்கு நாலு, பரவால்ல, புடிச்சிருவாங்க. நாலு. அஞ்சு! வெள்ளைக்கும் அஞ்சு. சத்தம் கேக்குதுங்களா, டிக்கு டிக்குன்னு? உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது. அது கிழியற சத்தம். சம்மூ, பாரத்தைக் கொற... இல்லீங்க, கத்தலீங்க, கத்தலீங்க. என்ற வாயைக் கொஞ்சம் பொத்திக்கறேன்.

போச்சு.

போச்சுங்க. கழண்டு விழுந்துருச்சு. சொன்னேனில்ல, அதே எடம், அதே ஓட்டை. இன்னும் அம்பது செகண்டு இருக்குது. கை இல்லாம என்ன பண்ணும்? அட. அட, அங்க பாருங்க. ரோபோவைத் திருப்பறா. பின்பக்கத்தை வெச்சுப் பந்தைத் தள்ளிட்டுப் போறா. தள்ளினா ஆகுமா? ஆகுமுங்க, பெட்டிக்கு வெளிய அந்தக் கோட்டுக்குள்ள தள்ளினா அரைப் பாயிண்டு, அறுபத்தோராம் பக்கம். என்னையத் தவிர இன்னொருத்தியும் கடைசி வரைக்கும் படிச்சிருக்கா! தள்ளு. தள்ளு சாமி. அஞ்சரை. ஆறு. ஆறரை...

மணி அடிச்சுட்டாங்க.

ஒம்பதுக்கு ஆறரை. அவ்வளவுதாங்க, முடிஞ்சுருச்சு.

நான் சொல்லியிருந்தா நின்னிருக்கும். ஒரே ஒரு வார்த்தை. சரி, உடுங்க.

ஆனா அங்க பாருங்களேன். தோத்துப் போயி நாலும் என்ன பண்ணுதுங்க? ஒடைஞ்ச துண்டைக் கையில வெச்சுக்கிட்டு ஓட்டையைக் காட்டிக் காட்டிச் சண்டை போடுதுங்க. ரிஸ்வானா தலையில அடிச்சுக்கறா. என்ற பொண்ணு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, மூச்சு வாங்கச் சிரிக்கறா. தோத்தவ சிரிக்கறாளுங்க. இந்தப் பக்கம் ஒரு பார்வை பாக்கறாளா? இல்ல. அம்மா இங்க உக்காந்திருக்காங்கற நெனைப்பே இல்ல.

போன வருஷம் கப்பு குடுத்தாங்க பாருங்க, இதே மேடையில, அப்ப இவ இப்படிச் சிரிச்சாளான்னு யோசிக்கறேன். போட்டோ எல்லாம் நூறு இருக்குது எங்கிட்ட. கப்பை வாங்கினது நானு. ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினதும் நானு. அப்ப இவ எனக்கு எந்தப் பக்கம் நின்னா, வலது பக்கமா, எடது பக்கமா? எத்தனை யோசிச்சும் வர மாட்டேங்குதுங்க.

இருக்கட்டும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன், நீங்க யாருகிட்ட வேணா கேட்டுக்கங்க. நான் செஞ்சது கழண்டிருக்காது.